ஸ்ட்ராங், ஹார்ட், டஃப், ஸ்டிஃப்: பொருள்களின் பண்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

திருவொற்றியூரைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. இயந்திரவியல் டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறார். ஸ்ட்ராங், ஹார்ட், டஃப், ஸ்டிஃப் ஆகிய நான்கு சொற்களுக்கும் எதிரே நோட்டில் ‘உறுதி’ என்றே எழுதி வைத்திருக்கிறார். நேர்முகத் தேர்வில் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைச் சொல்லிவிடுகிறார். தொழில்நுட்பத்தில் பொருள்களையும் அவற்றின் பண்புகளையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் வேண்டும் என்கிறார்.

பட்டியலால் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, தம்பி. அகராதியைப் புரட்டினாலும் இதே குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பொருள் எத்தனை விதமாகக் கெட்டுப்போகலாமோ அத்தனை விதத்துக்கும் பொறியாளர்கள் தனித்தனிச் சோதனைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரையும் ஓர் அலகையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் குழம்புகிற சொற்களெல்லாம் அந்தப் பெயர்கள்தாம். வளைவது ஒரு சேதம், கீறல் விழுவது வேறு சேதம், அடிபட்டுத் தெறிப்பது வேறு, பல ஆண்டுகள் ஓடியபின் திடீரென்று முறிவது முற்றிலும் வேறு. ஆகவே எந்தச் சொல்லைப் படித்தாலும், அது எந்தச் சேதத்தைப் பற்றியது, எந்த இயந்திரத்தில் அளக்கப்படுவது, எந்த அலகில் சொல்லப்படுவது என்ற மூன்றையும் சேர்த்தே படியுங்கள். எண்ணூர்ப் பக்கத்தில் வார்ப்பாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அங்கே புழங்கிய சொற்களைக் கொண்டே விளக்குகிறேன்.

முதலில் இழுவைச் சோதனை. யுடிஎம் என்று எல்லோரும் சொல்லும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் உங்கள் கல்லூரியிலும் இருக்கும். மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த சாதாரண எஃகுக் கம்பி ஒன்றை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுக்கும்போது, சுமையைக் காட்டும் முள்ளை மட்டும் பார்க்காமல் கம்பியையும் பாருங்கள். தொடக்கத்தில் சுமை சீராக ஏறும், கம்பியில் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இந்தக் கட்டத்தில் சுமையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இதுதான் இலாஸ்டிக் நிலை. பிறகு ஓரிடத்தில் முள் மேலே ஏறாமல் தயங்கும், சற்று இறங்கவும் செய்யும். அதே நேரத்தில் கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் கருநீலச் செதில் பொடிப்பொடியாக உதிர்ந்து இயந்திரத்தின் மேடையில் விழும். உள்ளே உலோகம் நிரந்தரமாக நழுவத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த உதிர்வே சாட்சி. இதற்கு ஈல்டு என்று பெயர். இதற்குப் பிறகு சுமையை எடுத்தாலும் கம்பி முழுமையாகப் பழைய நீளத்துக்கு வராது; இது பிளாஸ்டிக் நிலை. வாளிக்கும் குடத்துக்கும் ஆகும் பிளாஸ்டிக்கை இங்கே நினைக்க வேண்டாம். கொடுத்த வடிவத்திலேயே நின்றுவிடும் தன்மைக்கு அந்தப் பெயர், வாளி செய்யும் பொருளுக்கும் பிற்பாடு அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. மேலும் இழுத்தால் முள் மறுபடியும் ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அதன்பின் கம்பியின் ஏதோ ஓரிடம் மட்டும் கழுத்தாக ஒடுங்கும். கடைசியில் பட்டென்ற சத்தத்துடன் அறும்.

இந்த ஒரே சோதனையில் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பதினோராம் வகுப்பில் தகைவு என்று படித்தது ஸ்ட்ரெஸ். சுமையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது, மெகாபாஸ்கலில் சொல்லப்படுவது. 1 மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன். திரிபு என்று படித்தது ஸ்ட்ரெயின். நீட்சியை முதல் நீளத்தால் வகுப்பது, அதற்கு அலகு இல்லை. முள் தயங்கிய இடத்தின் தகைவு ஈல்டு ஸ்ட்ரெங்த். அது தொட்ட உச்சம் டென்சைல் ஸ்ட்ரெங்த். அறுந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து அளந்தால் எவ்வளவு சதவீதம் நீண்டிருக்கிறதோ அது இலாங்கேஷன், அதாவது அறாமல் நீண்டு கொடுக்கும் தன்மையான டக்டிலிட்டியின் அளவு. தகைவையும் திரிபையும் வரைபடமாகப் போட்டால் தொடக்கத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அது ஸ்டிஃப்னஸை, அதாவது எளிதில் நீளாமலும் வளையாமலும் விறைத்து நிற்கும் தன்மையைக் காட்டும் யங் குணகம். ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னஸ், டக்டிலிட்டி மூன்றும் ஒரே கோட்டின் வெவ்வேறு இடங்களில் படிக்கப்படுபவை. அதனால்தான் இவை ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்று உயர்ந்தால் மற்றொன்றும் உயர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நேர்முகத் தேர்வில் மிகுதியாகச் சறுக்குவது ஸ்ட்ராங்குக்கும் ஸ்டிஃபுக்கும் இடையில்தான். கேள்வி இப்படி வரும்: ‘ஒரு ராக்கின் குறுக்குச் சட்டம் சுமையில் தொங்குகிறது, அதே அளவில் உயர்வலிமை எஃகில் செய்து போட்டால் தொங்கல் குறையுமா?’ குறையும் என்று சொல்லத் தோன்றும். குறையாது. சாதாரண மைல்டு ஸ்டீலும் விலையுயர்ந்த அலாய் ஸ்டீலும் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல் யங் குணகம் கொண்டவை, ஆகவே இரண்டும் ஒரே அளவுதான் தொங்கும். உயர்வலிமைச் சட்டம் நிரந்தரமாக வளைந்துவிடாமல் கூடுதல் சுமையைத் தாங்கும், அவ்வளவுதான். தொங்கலைக் குறைக்க வேண்டுமானால் சட்டத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். அலுமினியத்தின் குணகம் சுமார் 70 ஜிகாபாஸ்கல். அதே அளவில் அலுமினியச் சட்டம் போட்டால் எஃகைப் போல ஏறக்குறைய 3 மடங்கு தொங்கும், எவ்வளவு வலிமையான அலுமினிய அலாயாக இருந்தாலும் சரி. இதே போக்கில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ரப்பரைவிட எஃகுதான் அதிக இலாஸ்டிக் என்று பாடப்புத்தகம் சொல்வது, நீட்டுவதற்கு எஃகில் அதிக விசை வேண்டும் என்ற பொருளில். பேச்சு வழக்கில் இலாஸ்டிக் என்றால் எளிதில் நீளுவது என்று கொள்வது இங்கே உதவாது.

இந்த எண்களும் எழுத்துகளும் நம் கண்முன்னேதான் எழுதப்பட்டிருக்கின்றன. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ எந்தக் கட்டுமானக் கம்பிக் கடை முன்பும் கம்பியில் பொறித்திருப்பதைப் பாருங்கள்: எஃப்இ 500, எஃப்இ 500டி, எஃப்இ 550. எஃப்இ என்பது இரும்பின் வேதியியல் குறி, 500 என்பது குறைந்தபட்ச ஈல்டு ஸ்ட்ரெங்த், மெகாபாஸ்கலில். கடைசியில் வரும் டி என்ற எழுத்து டக்டிலிட்டிக்கு உரியது. இந்தியத் தரம் 1786இன்படி 500 தரக் கம்பி குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி குறைந்தது 16 சதவீதம். ஈல்டு இரண்டுக்கும் ஒன்றே. நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடும்போது கம்பி அறுந்துவிடாமல் நீண்டு கொடுக்க வேண்டும். அந்த நீட்சிக்குத்தான் டி. எண் பெரிதானால் கம்பி நல்லது என்று மட்டும் பார்த்து வாங்குவதைவிட, டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே என் மட்டில் சரியான தேர்வு. போல்ட்டின் தலையில் இருக்கும் 8.8 என்பதையும் இப்படியே படிக்கலாம்: முதல் 8ஐ நூறால் பெருக்கினால் டென்சைல் ஸ்ட்ரெங்த் 800 மெகாபாஸ்கல், புள்ளிக்குப் பிறகு வரும் 8 அதில் 80 சதவீதம் ஈல்டு, அதாவது 640. 10.9, 12.9 இரண்டையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஹார்ட்னஸுக்கு வருவோம். இது மேற்பரப்பைப் பற்றியது: கீறலையும் பள்ளம் விழுவதையும் ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. கனிமங்களுக்கு ஒன்றை மற்றொன்றால் கீறிப் பார்க்கும் மோஸ் வரிசை 1812இல் வந்தது. பொறியியலில் கீறுவதில்லை, அழுத்துகிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த பிரினெல் 1900இல் கொண்டுவந்த முறையில் 10 மில்லிமீட்டர் குண்டை 3000 கிலோ சுமையில் பதித்து, விழுந்த பள்ளத்தின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளக்கிறோம். ராக்வெல் சி அளவில் வைரக் கூம்பை 150 கிலோ சுமையில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போனது என்பதை இயந்திரமே காட்டிவிடும். விக்கர்ஸில் 136 டிகிரிக் கோணமுள்ள வைரப் பிரமிடு. ரப்பருக்கு ஷோர் அளவு. வார்ப்பாலைச் சோதனைக்கூடத்தில் நாங்கள் பெரும்பாலும் பிரினெல்தான் பயன்படுத்துவோம், வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு ஓரிடம்போல் ஓரிடம் இராது, பெரிய குண்டு பதித்தால்தான் சராசரி கிடைக்கும் என்பதால். பட்டறையில் இவை எதுவும் தேவையில்லை. நல்ல அரத்தை எடுத்து ஓர் ஓரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். அரம் கடித்தால் அது மென்மையானது. கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் அரத்தின் அளவுக்கே, அதாவது ராக்வெல் சி 60ஐ ஒட்டிக் கடினப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஹார்ட்னஸும் ஸ்ட்ரெங்த்தும் குழம்புவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. சாதாரண எஃகில் இவை இரண்டும் சேர்ந்தே ஏறும். பிரினெல் எண்ணைத் தோராயமாக 3.45ஆல் பெருக்கினால் டென்சைல் ஸ்ட்ரெங்த் மெகாபாஸ்கலில் கிடைத்துவிடும்; 200 என்றால் சுமார் 690. ஆனால் இந்தக் கணக்கு எஃகுக்கு மட்டும்தான் பொருந்தும். கண்ணாடியில் போட்டால் தவறாகப் போகும்.

ஹார்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, அதைத் திருவொற்றியூர்க்காரரான நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாணைச் சக்கரம் செய்யும் பெரிய ஆலை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. கிரைண்டிங் வீலின் பக்கவாட்டில் ‘ஏ 46 கே 5 வி’ என்பதைப் போல ஒரு குறி இருக்கும். முதல் எழுத்து துகள் எது என்பதைச் சொல்கிறது: ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, சி என்றால் சிலிக்கான் கார்பைடு. 46 என்பது துகளின் அளவு. எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். கே என்பது கிரேடு, அதாவது வீல் ஹார்டா சாஃப்டா என்பது. ஏயில் தொடங்கி இசட் வரை ஹார்டாகிக்கொண்டே போகும். 5 என்பது துகள்களுக்கிடையே உள்ள இடைவெளியின் அளவு. வி என்பது துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு, இங்கே பீங்கானைப் போலச் சுட்டெடுத்த விட்ரிஃபைடு பிணைப்பு. இதில் ஹார்ட் வீல் என்றால் துகள் கடினமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிணைப்பு துகளை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எளிதில் விடாது என்றே பொருள். சாஃப்ட் வீலில் மழுங்கிய துகள் சீக்கிரம் உதிர்ந்து, அடியிலிருந்து கூர்மையான புதுத் துகள் வெளியே வரும். அதனால்தான் கடினப்படுத்திய எஃகைத் தேய்க்க சாஃப்ட் வீலும் மென்மையான எஃகைத் தேய்க்க ஹார்ட் வீலும் பரிந்துரைக்கிறார்கள். ஹார்ட்னஸை வெறும் கடினம் என்று பாடம் செய்தவருக்கு இந்த விதி தலைகீழாகத் தெரியும், எழுதுவோர் தவறிழைத்துவிட்டார்கள் என்றுகூடத் தோன்றும்.

அடுத்து டஃப்னஸ். ஒரு பொருள் உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை விழுங்கிக்கொள்ளும் என்பதே இது, ஜூலில் சொல்லப்படுவது. 1901இல் பிரெஞ்சுக்காரரான சார்பி விவரித்த முறையின் இன்றைய வடிவம் இது: 10 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவ வெட்டுப் போட்டு, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. உடைத்த பிறகு ஊசல் மறுபக்கம் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதிலிருந்து துண்டு விழுங்கிய ஆற்றல் தெரிந்துவிடும். டஃப்னஸுக்கு வலிமையும் வேண்டும், நீளும் தன்மையும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. இரும்பு உளியைக் கொல்லர் பதம் வைப்பதைப் பாருங்கள். வெட்டும் முனையை மட்டும் செஞ்சூடாக்கித் தண்ணீரில் தோய்ப்பார். உடனே எடுத்து, முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பகுதியில் மிஞ்சியிருக்கும் சூடு முனைக்குப் பரவுவதைக் கவனித்தபடி நிற்பார். பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக நிறங்கள் நகர்ந்து வரும். வேண்டிய நிறம் முனையைத் தொட்டதும் மறுபடியும் தோய்த்துவிடுவார். முதல் தோய்ப்பு க்வென்ச்சிங், அது ஹார்ட்னஸைக் கொடுத்தது. நிறம் பார்த்துக் காத்திருந்தது டெம்பரிங், அது ஹார்ட்னஸில் கொஞ்சத்தைக் குறைத்து டஃப்னஸைத் திருப்பிக் கொடுத்தது. சுத்தியல் விழும் தலைப்பகுதியை அவர் தோய்க்கவே மாட்டார். தலையையும் கடினமாக்கிவிட்டால் முதல் அடியிலேயே சில் தெறித்துக் கண்ணில் படும்.

டஃப்னஸ் வெப்பநிலையோடு மாறக்கூடியது. சாதாரண எஃகு குளிரில் தன் டஃப்னஸை இழந்துவிடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், பற்றவைத்துக் கட்டப்பட்ட ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் துறையில் கட்டியிருந்தபடியே நடுவில் இரண்டாகப் பிளந்தது. வலிமைக் கணக்கில் அதற்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. பற்றவைப்பில் இருந்த குறையிலிருந்து கிளம்பிய விரிசலைக் குளிரில் அந்தத் தகடு தடுத்து நிறுத்தவில்லை. சென்னை வெயிலில் இது நமக்கென்ன என்று கேட்க வேண்டாம். காமராஜர் துறைமுகத்தில் 2019இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் எல்என்ஜி முனையத்துக்கு வரும் திரவ இயற்கை எரிவாயுவின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 162 டிகிரி. மைல்டு ஸ்டீல் அந்தக் குளிரில் கண்ணாடிக்குச் சமம். இத்தகைய தொட்டிகளின் உட்சுவருக்கு 9 சதவீதம் நிக்கல் சேர்த்த எஃகை உலகெங்கும் பயன்படுத்துவது, அந்தக் குளிரிலும் அது டஃப்பாக இருக்கும் என்பதற்காகத்தான்.

டஃபுக்கு எதிர்ச்சொல் பிரிட்டில். இதை ‘பலவீனமானது’ என்று புரிந்துகொள்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பிரிட்டில் என்றால் முன்னறிவிப்பு இல்லாமல், வளையாமல், நீளாமல் உடைவது, அப்பளம் உடைவதுபோல. அதற்கு முன் அது எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பது தனிக் கேள்வி. லேத் டூலின் கார்பைடு முனை மிகக் கடினமானது, பிரிட்டிலும்கூட. வெட்டச் சொன்னால் நாள் முழுக்க எஃகை வெட்டும், கீழே போட்டால் சில் போய்விடும்.

எண்ணூர் வார்ப்பாலைகளில் இந்தச் சொல்லைப் பற்றித்தான் நாளெல்லாம் பேச்சு. கிரே அயர்ன் என்னும் சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கார்பன் செதில்செதிலாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே இருக்கும் விரிசலுக்குச் சமம் என்பதால் இழுத்தால் சட்டென்று உடையும், ஆனால் அழுத்தினால் இழுவையைப்போல 3 முதல் 4 மடங்கு தாங்கும். அதிர்வையும் அந்தச் செதில்களே விழுங்கிக்கொள்வதால் லேத்தின் படுகைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் அது இன்றும் ஏற்றது. அதிர்வை விழுங்கும் இந்தப் பண்புக்கு டாம்ப்பிங் என்று பெயர். 1943இல் கீத் மில்லிஸ், உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் கார்பன் செதிலாகாமல் உருண்டையாகத் திரளும் என்று கண்டார். நாங்கள் எஸ்ஜி அயர்ன் என்று சொல்வது அதைத்தான். டக்டைல் அயர்ன் என்பதும் அதுவே. தரப் பெயர்களைப் பாருங்கள்: எஃப்ஜி 260 என்றால் சாம்பல் இரும்பு, டென்சைல் 260 மெகாபாஸ்கல், பெயரில் நீட்சி பற்றிய பேச்சே இல்லை. எஸ்ஜி 500/7 என்றால் டென்சைல் 500, நீட்சி 7 சதவீதம். நீட்சியை எழுதும் தகுதி வந்துவிட்டதால் பெயரில் ஓர் எண் கூடிவிட்டது.

டக்டைல், மேலியபிள் என்ற இரட்டையரை விரைவாகக் கடந்துவிடலாம். இழுத்துக் கம்பியாக்க முடிந்தால் டக்டைல், அடித்தோ உருட்டியோ தகடாக்க முடிந்தால் மேலியபிள். பொன் இரண்டிலும் முதன்மை. ஈயத்தைத் தகடாக அடித்துவிடலாம், கம்பியாக இழுத்தால் எளிதில் அறுந்துவிடும். ரெசிலியன்ஸ் என்பது டஃப்னஸின் தம்பி: நிரந்தரமாக வளையாமல் ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுப்பது, லாரியின் ஸ்பிரிங் பட்டைக்கு வேண்டியது.

காலம் சேரும்போது வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. ஒருமுறை தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையே ஆனாலும், லட்சக்கணக்கான முறை மாறி மாறி விழுந்தால் விரிசல் தோன்றி வளர்ந்து முறிந்துவிடும். இது ஃபடீக். ரயில் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுவையையும் ஒருமுறை அழுத்தத்தையும் பார்க்கிறது. பெரம்பூரில் பெட்டிகளுக்கு அச்சு பொருத்துவோருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜெர்மானியரான வோலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை முறையாக ஆராய்ந்ததும் ரயில் அச்சு முறிவுகளை முன்வைத்துத்தான். முறிந்த முகத்தைப் பார்த்தாலே அடையாளம் தெரியும்: விரிசல் மெல்ல வளர்ந்த பகுதி வழுவழுப்பாக வளையம் வளையமாகவும், கடைசியில் ஒரேயடியாக முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். கிரீப் என்பது வேறு. மாறாத சுமையில், உயர்வெப்பத்தில், பொருள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவது. அத்திப்பட்டில் இருப்பதைப் போன்ற அனல்மின் நிலையங்களின் கொதிகலனில் சுமார் 540 டிகிரி நீராவியைச் சுமக்கும் குழாய்கள் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகால் ஆவதற்குக் காரணம் இந்தக் கிரீப்தான். உராய்ந்து தேய்வது வேர் (wear). இந்த மூன்றையும் ‘தேய்மானம்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு கரோஷன், அதாவது உலோக அரிப்பு, தினப்படி விஷயம். ரஸ்ட் என்னும் துரு இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும் உரியது. அலுமினியமும் செம்பும் கரோட் ஆகும், ரஸ்ட் ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்கவே பிடிக்காது என்ற நம்பிக்கை காசிமேடு வரை வந்தால் உடைந்துவிடும். பாத்திரத்துக்குப் போகும் 304 தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன, ஆனாலும் உப்புக் காற்றின் குளோரைடு அதில் ஊசிக்குத்துபோலச் சிறு குழிகளைத் தோண்டிவிடும். அதற்கு பிட்டிங் என்று பெயர். 316 தரத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் அது இதைக் கூடுதலாக எதிர்க்கிறது. எதிர்க்கிறது என்றுதான் சொல்கிறேன். ரெசிஸ்டன்ட் என்றால் ஓரளவுக்குத் தாங்குவது, ப்ரூஃப் என்றால் அறவே விடாதது. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதிய கைக்கடிகாரத்தோடு கடலில் குதித்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகுகள் வேறொரு சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணாடி இழைப் பாயை விரித்து, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசி, அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். இப்படி இரண்டு பொருள்கள் தத்தம் அடையாளத்தை இழக்காமல் சேர்ந்தால் அது காம்போசிட். உருக்கிக் கலந்து ஒன்றாகிவிட்டால் அலாய். காம்போசிட்டில் இழை ஓடும் திசையில் ஒரு வலிமையும் குறுக்கே வேறொரு வலிமையும் இருக்கும். இப்படித் திசைக்குத் திசை பண்பு மாறினால் அனைசோட்ராபிக். அடுக்குகள் பிரிந்து வந்தால் டீலாமினேஷன். உலோகத்தில் பழகியவர்கள் ஃபைபர் படகின் சேதத்தைப் பார்த்து விரிசல் என்று மட்டும் எழுதிவிடுவார்கள், அடுக்கு பிரிந்ததா என்று தட்டிப் பார்த்து எழுதுவதே முறை.

மின்சாரம், வெப்பம் பற்றிய சொற்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது தெரிந்தால் பாதிச் சுமை குறையும். ‘இவிட்டி’ என்று முடிபவை பொருளுக்குச் சொந்தம்; ‘அன்ஸ்’ என்று முடிபவை கையில் இருக்கும் அந்தத் துண்டுக்குச் சொந்தம். ரெசிஸ்டிவிட்டி, அதாவது மின்தடை எண், செம்பின் குணம், அரை மீட்டர் செம்புக்கும் அரை கிலோமீட்டர் செம்புக்கும் ஒன்றே. ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அந்தக் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்து மாறும். கடத்தும் திறனைச் சொல்லும் கண்டக்டிவிட்டிக்கும் கண்டக்டன்ஸுக்கும் இதே உறவுதான். செம்பின் வெப்பக் கண்டக்டிவிட்டி மீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 400 வாட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சுமார் 16. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்பு ஒட்டி விற்பதன் நியாயம் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது. அத்திப்பட்டிலிருந்து உயரக் கோபுரங்களில் போகும் மின்கம்பிகளில் பெரும்பாலும் பயன்படும் ஏசிஎஸ்ஆர் வகையில், மின்சாரத்தைக் கடத்த வெளியே அலுமினியம், இழுவையைத் தாங்க நடுவே எஃகு. செம்பைவிட அலுமினியத்தின் ரெசிஸ்டிவிட்டி ஒன்றரை மடங்குக்கும் அதிகம், ஆனால் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. கோபுரம் சுமக்க வேண்டியது எடையை என்பதால் அங்கே அலுமினியம் வென்றுவிடுகிறது.

ஆபத்தான சொல் ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய் முனையங்களிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரிகளில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். முன்னால் ‘இன்’ வந்தால் எதிர்மறை என்ற பழக்கத்தில் அதைத் தீப்பற்றாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் எளிதில் தீப்பற்றுவது என்றே சொல்கின்றன. தீப்பற்றாதது நான்ஃப்ளேமபிள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே புதிய எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்று மட்டும் போடுகிறார்கள்.

இனி நேர்முகத் தேர்வில் வாக்கியமாகச் சொல்ல வேண்டியதைப் பார்ப்போம். ஒரு பண்பைச் சொல்லும்போது எந்த நிலையில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வார்ப்பிரும்பு ஸ்ட்ராங் இன் கம்ப்ரெஷன், வீக் இன் டென்ஷன். ரெசிஸ்டன்ட்டுக்குப் பின்னால் ‘டு’ வரும். பொருள் உருமாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் மேட் ஆஃப், உருமாறிவிட்டால் மேட் ஃப்ரம். மேசை மரத்தால் மேட் ஆஃப், காகிதம் மரத்திலிருந்து மேட் ஃப்ரம். ஸ்டீல் என்பதை எண்ணிச் சொல்வதில்லை. ‘எ ஸ்டீல்’ என்று சொன்னால் எஃகின் ஒரு தரம் என்று பொருளாகும். ‘என் அயர்ன்’ என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் இஸ்திரிப் பெட்டிதான் வரும்.

பயிற்சிக்கு வேறு புத்தகம் தேடாமல், எஃகுத் தகட்டோடு வரும் மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் ஒன்றை நகலெடுத்து வாருங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் இரும்பு வியாபாரம் செய்யும் யாரிடமும் கேட்டால் காட்டுவார்கள். ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்த எஃகு என்பதைக் காட்டும் எண்), வேதிக் கலவை, ஈல்டு, டென்சைல், இலாங்கேஷன் என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். இந்தியத் தரம் 2062இன்படி வந்த தகடானால் இ250 என்பதற்குப் பின்னால் ஏ, பிஆர், பி0, சி என்று ஒரு குறி இருக்கும். ஏ என்றால் சார்பிச் சோதனை தேவையில்லை என்று பொருள், பி0 என்றால் பூஜ்ய டிகிரியிலும், சி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இம்பாக்ட், அதாவது சார்பிச் சோதனைக் கட்டத்தில் ஜூல் எண் இருந்தால், பக்கத்தில் வெப்பநிலையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலை எழுதாத ஜூல் எண்ணை எந்த ஆய்வாளரும் ஏற்க மாட்டார், அதை ஏன் ஏற்கக் கூடாது என்று உங்களிடம் கேட்கவும் செய்வார்.